சாட்சிகளைக் கேட்டு வரச் சொன்னார்கள்

நாடாளுமன்றக் குழு ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையில் முதல் கஷ்டம், நாம் எதையும் விற்க வரவில்லை என்று வீட்டுக்காரர்களை நம்ப வைப்பதுதான்.

அந்தக் கஷ்டத்தைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் சுவாரசியம். அரியலூர் கோர்ட்டில் சில வருஷம் வக்கீலாக இருந்துவிட்டு, எங்கள் பக்கத்து ஊர்க்காரரான ஒரு மாநிலங்களவை உறுப்பினரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். அவரை நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். குற்றவியல் சட்டங்களை எல்லாம் மாற்றி எழுதினார்கள் அல்லவா? அதில், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் சில வசதிகள் செய்திருந்தார்கள். புகார் கொடுத்தவருக்கு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று போலீஸே தெரிவிக்க வேண்டும். சாட்சி வீடியோ மூலமாகப் பேசலாம். மிரட்டல் வந்தால் பாதுகாப்பு கேட்கலாம். காகிதத்தில் இருப்பது ஊருக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க ஒரு குழு போட்டிருந்தார்கள். மேடம் அதில் ஓர் உறுப்பினர். "டெல்லியில உக்காந்துகிட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. நீ போய்க் கேட்டுட்டு வா" என்று என்னை அனுப்பிவிட்டார்.

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சிலும் கோர்ட் வராண்டாவிலும் பாதி நாள் காத்திருந்து, 'வாய்தா' என்ற ஒரு சொல்லோடு வீடு திரும்பியவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இதில் பாதி புரியாது.

ஆட்டின் நிறம்

மீன்சுருட்டிப் பக்கம் தங்கராசு என்பவருடைய ஆடுகள் திருடு போயிருந்தன. புகார் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு யாராவது அவருக்குத் தகவல் சொன்னார்களா என்று கேட்கப் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் மனைவி, "குழுவுல கடன் வாங்கற எண்ணமெல்லாம் இல்லீங்க" என்று கதவைப் பாதி சாத்தினார். நான் கடன் கொடுக்கும் குழு இல்லை, நாடாளுமன்றக் குழு என்று விளக்கிச் சொன்னேன். கதவு இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டது.

நல்லவேளையாகத் தங்கராசு வயலிலிருந்து வந்து சேர்ந்தார். பொறுமையாகக் கேட்டார். நாற்காலி போட்டார். போலீஸ் ஒருமுறை போன் செய்து, விசாரணை நடக்கிறது என்று சொன்னதாகச் சொன்னார். ஆடு கிடைக்காவிட்டாலும் போன் வந்ததில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. நான் எழுதி முடித்துவிட்டு எழுந்தபோது, இதெல்லாம் நிஜமாகவே டெல்லிக்குப் போகுமா என்று கேட்டார். போகும் என்றேன். 

"அப்ப வெள்ளாடுன்னு தெளிவா எழுதிக்கங்க. கறுப்பு, காதுல மட்டும் வெள்ளை. அங்க உள்ளவங்க செம்மறின்னு நெனச்சுப் பேசிடப் போறாங்க."

ஒரே ஒரு விதி

இந்த வேலையில் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நடந்துகொண்டிருக்கும் வழக்கில் குழு தலையிடக் கூடாது. அதனால் சாட்சி என்ன பார்த்தார் என்று நான் கேட்கவே கூடாது. சம்மன் எப்படி வந்தது, எங்கே உட்கார வைத்தார்கள், யாராவது மிரட்டினார்களா, இவ்வளவுதான் கேட்கலாம். நீங்களே சொல்லுங்கள், ஒரு சாட்சியிடம் போய், பார்த்ததைத் தவிர மற்றதையெல்லாம் சொல் என்றால் அவர் என்ன நினைப்பார்?

ஏலாக்குறிச்சியில் ஜெயமேரி என்பவர் தையல் கடை வைத்திருக்கிறார். கோயிலுக்கு வரும் கூட்டம் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும் வழியில் சின்னக் கடை. எதிர்ப்புறத் தெருவில் ஒரு நிலத் தகராறில் கலைச்செல்வி என்ற பெண்ணை அவர் கணவருடைய பங்காளி ரமேஷ் மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் இடது கை முறிந்துவிட்டது. பட்டப்பகலில் நடந்தது. பார்த்ததாகப் போலீஸில் சொன்னவர்களில் மற்றவர்கள் எல்லோரும் கோர்ட்டுக் கூண்டில் ஏறி, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர் ஜெயமேரி மட்டும். அவருடைய முறை இன்னும் வரவில்லை.

நான் போனபோது அவர் மெஷினை நிறுத்தவில்லை. யார் என்று கேட்கவும் இல்லை. நானாகவே, முன்பு அரியலூர் கோர்ட்டில் வக்கீல், இப்போது இந்தக் குழு வேலை என்று சொல்லிவிட்டு, என் விதியையும் சொன்னேன். அன்று நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாம், தயவுசெய்து அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றேன். மெஷின் நின்றது. என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"ரமேஷ் வூட்டு ஆளுங்க, கலை வூட்டு ஆளுங்க, கட்சிக்காரங்க, பூ விக்கிறவங்க, எல்லாரும் வந்து என்ன பாத்தேன்னுதான் கேக்கறாங்க. அதைக் கேக்காத ஆளு நீங்க ஒருத்தர்தான் வக்கீலம்மா. உக்காருங்க."

அரசாங்கத்துக்கு எங்கே வலித்தது

கலைச்செல்வியின் கணவர் சவுதியில் இருக்கிறார். வீட்டில் கலைச்செல்வியும் மாமியாரும்தான். கை கூடிவிட்டது, ஆனால் இரண்டு விரல் மடங்காது. குடத்தை இடுப்பில் வைப்பதற்கு முன் அந்தக் கையை ஒரு தடவை பார்த்துக்கொள்வார். பேச ஆரம்பித்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, என் வழக்கில் எனக்கு வக்கீல் யார் என்பது.

சங்கடமான கேள்வி. குற்ற வழக்கை அரசுதான் நடத்தும், அரசு வக்கீல்தான் பேசுவார், அதனால்தான் வழக்கின் பெயரிலேயே உங்கள் பெயர் இல்லை என்று சொன்னேன். குற்றம் என்பது ஒரு தனி ஆளுக்கு எதிரானது மட்டும் இல்லை, சமூகத்துக்கே எதிரானது என்று கல்லூரியில் படித்ததையும் சொன்னேன். புதுச் சட்டத்தில் அரசு வழக்கை வாபஸ் வாங்குவது என்றால் உங்களையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது வரை விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். உள்ளே போய் எனக்கு மோர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, நின்றபடியே கேட்டார்.

"அடி வாங்கினது நான். கேஸு அரசாங்கத்தோடதுங்கறீங்க. அரசாங்கத்துக்கு எங்கங்க வலிச்சுது?"

நம்பாதீர்கள்

எறையூர்ப் பக்கம் ஒரு கரும்பு விவசாயி வீட்டில் நகைத் திருட்டு. விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டது. ஆனால் அந்த வீட்டு அம்மா தனக்கு ஒரு தகவலும் வரவில்லை என்று அடித்துச் சொன்னார். ஸ்டேஷனிலோ, குறுஞ்செய்தி அனுப்பியாயிற்று என்று அதே அளவு உறுதியாகச் சொன்னார்கள். இரண்டு பேரும் பொய் சொல்கிற ஆட்களாகத் தெரியவில்லை. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. அந்த அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தேன். செய்தி வந்திருக்கிறது. ஆங்கிலத்தில், ஏதோ ஒரு நீள நம்பரோடு, கடைசியில் ஒரு நீல எழுத்து இணைப்போடு. அவர் அந்த நம்பரை பிளாக் செய்து வைத்திருந்தார்.

ஏன் என்று கேட்டேன். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு, தெரியாத நம்பரிலிருந்து இப்படி இணைப்போடு மெசேஜ் வந்தால் தொடவே கூடாது, ஏமாற்றுக்காரர்கள், உடனே பிளாக் செய்யுங்கள் என்று சொன்னார்களாம். அவர் சொன்னபடி செய்திருக்கிறார். அந்தக் கூட்டத்தை நடத்தியது யார் என்று விசாரிக்க மறுபடி ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"மெசேஜ் அனுப்பினதும் நாங்கதான் மேடம். நம்பாதீங்கன்னு சொன்னதும் நாங்கதான். ரெண்டையும் நல்லாத்தான் செஞ்சோம்."

டிக்கெட்

சாட்சிகளுக்குக் கோர்ட்டில் தனியாக ஓர் அறை வந்திருக்கிறது. முன்பு போல எதிரியும் சாட்சியும் ஒரே பெஞ்சில் முழங்கை இடிக்க உட்கார வேண்டியதில்லை. இதை நான் ஜெயமேரியிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நான் வக்கீலாக இருந்தபோது இல்லாத வசதி அது.

அவர் கேட்டுக்கொண்டே ஒரு பாவாடைக்கு மடிப்பு அடித்தார். பிறகு சொன்னார். சம்மன் வந்த அன்று அரியலூருக்குப் புறப்பட்டாராம். கோர்ட் நேரத்துக்குப் போய்ச் சேரும் பஸ் காலையில் ஒன்றுதான். ஏறி உட்கார்ந்து டிக்கெட் கேட்டால், "உங்களுக்கு எடுத்தாச்சும்மா, பின்னாடி இருக்கிற தம்பி சேத்து எடுத்துட்டாரு" என்று கண்டக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் ஜாமீனில் வந்திருந்த ரமேஷ். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அவன் அம்மா.

"மிரட்டினா மிரட்டினான்னு சொல்லலாம். இதை நான் யாருகிட்டப் போயி என்னன்னு சொல்றது?" என்றார். கண்டக்டரைக் கூப்பிட்டு, பஸ்ஸில் இருந்த எல்லோரும் பார்க்க, தனக்கென்று இன்னொரு டிக்கெட் எடுத்தாராம். காசை எடுக்கும்போது சில்லறை கீழே கொட்டிவிட்டது. பொறுக்கக் குனியாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு வாய்தா. திரும்பி வரும்போதும் அதே பஸ்.  சட்டப் புத்தகத்தில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது எந்தப் பிரிவில் வரும் என்று மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

"கோர்ட்டுல தனி ரூமு போட்டுட்டீங்க, சந்தோஷம். பஸ்ஸுல?"

பலமான காவல்

ஒரு நாள் காலையில் ஜெயமேரி கடையைத் திறக்கப் போனால் பூட்டின் துவாரத்தில் பசையை ஊற்றி அடைத்திருந்தார்கள். யார் என்று தெரியாது. எல்லோருக்கும் தெரியும். பூட்டை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. இந்த முறை அவர் சும்மா இருக்கவில்லை. பாதுகாப்பு கேட்டு மனு கொடுத்தார். எங்கே கொடுப்பது என்று சட்ட உதவி மையத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மனுவை ஏற்றுக்கொண்டு, சாட்சி சொல்லி முடியும் வரை கடையில் ஒரு போலீஸ்காரர் உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. ஒரு சட்டம் சொன்னபடி நடந்ததைப் பார்த்ததில் எனக்கு உற்சாகம். மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

அடுத்த வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். போலீஸ்காரர் நல்ல உயரம், நல்ல மீசை, கடமை தவறாதவர். கடை வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் வந்த ஒரு பெண் துணிப் பையோடு கிட்டே வந்து, அவரைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போனார். ரவிக்கைக்கு அளவு கொடுக்கிற இடத்தில் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தால் யார்தான் வருவார்கள்? ஜெயமேரி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"பாதுகாப்பெல்லாம் பலமாத்தான் இருக்கு வக்கீலம்மா. ஒரு ஜாக்கெட்டுகூட உள்ள வர முடியல."

(பிறகு பெண் காவலரை மாற்றிப் போட்டார்கள். அவர் தனக்கே ரவிக்கை தைத்துக்கொண்டதாகக் கேள்வி.)

ஊசி

வீடியோ சாட்சியம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு கோர்ட்டில் போய் உட்கார்ந்தேன். இது வேறொரு வழக்கு. காயத்துக்குச் சிகிச்சை கொடுத்த டாக்டர் பெரம்பலூர்ப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். முன்பு என்றால் அவர் ஒரு நாள் லீவு போட்டு வந்து, மத்தியானம் வரை நின்று, வாய்தா வாங்கிப் போவார். இப்போது தன் ஆஸ்பத்திரி அறையிலிருந்தே திரையில் தோன்றினார். சத்தம் தெளிவு. படம் தெளிவு. காயத்தின் நீளம், ஆழம் என்று விறுவிறுவென்று போனது. எதிர்த்தரப்பு வக்கீல்கூட ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாதியில் டாக்டருக்குப் பின்னால் கதவு மெல்லத் திறந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். டாக்டருக்குத் தெரியவில்லை. பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே உள்ளே வந்து நின்றார். சாட்சி பேசும் இடத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பதால் நீதிபதி குரலை உயர்த்தி, பின்னால் யார் நிற்பது என்று கேட்டார். பெரியவர் குரல் வந்த திசையைத் தேடி, திரையில் கறுப்புக் கோட்டைக் கண்டுபிடித்து, பெரிய டாக்டர் என்று நினைத்தோ என்னவோ கை கூப்பினார்.

"ஐயா, நீங்க கேக்கறதைக் கேட்டு முடிச்சுட்டு, எனக்கு அந்த ஊசியை மட்டும் போட்டு விடச் சொல்லுங்க."

இரண்டு கட்டு

ஜெயமேரி சொன்ன அந்தக் காலைப் பஸ்ஸில் நானும் ஒரு நாள் ஏறிப் பார்த்தேன். எனக்கு இடம் கொடுத்து நகர்ந்து உட்கார்ந்த அம்மாள், என் பையையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். திருமானூர் தாண்டும் வரை மழை, நெல் விலை என்று பேசிக்கொண்டு வந்தோம். பிறகுதான், "நீங்க மேரி கடைக்கு வர்ற வக்கீலம்மாதானே?" என்றார். அவர் ரமேஷின் அம்மா செல்லம்மாள்.

நான் எழுந்து வேறு இடத்துக்குப் போவதா என்று யோசித்தேன். வழக்கைப் பற்றிப் பேச மாட்டேன் என்று முன்கூட்டியே சொன்னேன். அவரும் பேசவில்லை. மகன் செய்தது சரி என்று சொல்லவில்லை. ஜெயமேரியைக் குறை சொல்லவும் இல்லை. கோயில் திருவிழாவுக்கு இந்த வருஷம் யாரும் அழைக்கவில்லை, பால் ஊற்றுகிறவர்கூட வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறார் என்று ஏதோ அடுத்த வீட்டுக் கதை போலச் சொன்னார். அரியலூர் வந்ததும் பையைத் திருப்பிக் கொடுக்கும்போது அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த என் குறிப்புகளைப் பார்த்தார். இதெல்லாம் என்ன என்றார். ஒரு கட்டு பாதிக்கப்பட்டவர்கள் சொன்னது, இன்னொரு கட்டு சாட்சிகள் சொன்னது என்றேன். அவர் படியில் இறங்கி நின்று, என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"ரெண்டு கட்டுதான் வெச்சிருக்கீங்க. நான் எதுலங்க வருவேன்?"

டெல்லி வராண்டா

குழு கூடியபோது மேடத்தோடு டெல்லிக்குப் போனேன். கோர்ட் வராண்டாவில் காத்திருந்து அலுத்தவர்களுக்கு ஓர் ஆறுதல் செய்தி: நாடாளுமன்றத்திலும் வராண்டா உண்டு, அங்கேயும் காத்திருக்கத்தான் வேண்டும். உதவியாளர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. அறிக்கை வெளிவரும் வரை உள்ளே நடப்பது எல்லாம் ரகசியம். தரை மட்டும் நம் ஊரைவிட வழவழப்பு.

பெரிய கதவு திறக்கும்போதெல்லாம் யாரோ இருமுவது கேட்கும், உடனே மூடிக்கொள்ளும். நான் எழுதிக் கொடுத்த ஆடும் ஊசியும் பஸ்ஸும் அந்த அறையில் இப்போது எந்த மொழியில் போய்க்கொண்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தேநீர் இடைவேளையில் மேடம் வேகமாக வெளியே வந்தார். ஏலாக்குறிச்சியிலிருந்து அரியலூருக்கு அந்த நேரத்தில் வேறு பஸ் நிஜமாகவே இல்லையா, தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் ஏறி மாறிப் போக முடியாதா என்று கேட்டார். முடியும், ஆனால் கோர்ட்டில் பெயர் கூப்பிட்ட பிறகுதான் போய்ச் சேரலாம் என்றேன். சரி என்று திரும்பினார். உள்ளே அதைப் பற்றியா பேசுகிறீர்கள், என்ன சொன்னார்கள் என்று ஆர்வம் தாங்காமல் கேட்டுவிட்டேன். மேடம் கதவில் கை வைத்தபடி நின்றார்.

"உள்ள என்ன பேசினோம்னு உன்கிட்டகூட நான் சொல்லக் கூடாது. பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு கேக்கலாம்ல?"

ஜெயமேரியின் முறை

கடைசியில் அந்த நாள் வந்தது. பெண் காவலர் போலீஸ் ஜீப்பிலேயே ஜெயமேரியைக் கூட்டி வந்துவிட்டார். நான் கோர்ட் ஹாலுக்குள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் நீலப் புடவை கட்டியிருந்தார். கூண்டில் ஏறியதும் மரச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.  நீதிபதி ஒரு நாற்காலி போடச் சொல்லி, "உக்காந்தே சொல்லுங்கம்மா" என்றார். கேட்கச் சாதாரணமாக இருக்கும். நான் வக்கீலாக இருந்த வருஷங்களில் எத்தனையோ சாட்சிகள் கால் வலிக்க நின்றதைப் பார்த்தவள் என்பதால், அந்த நாற்காலியை என் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அவர் சொன்னார். அன்றுதான் அவர் என்ன பார்த்தார் என்பதை நானும் முதல்முறையாகக் கேட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் கலைச்செல்விக்கும் உங்களுக்கும் எத்தனை நாள் பழக்கம், அவர் உங்களிடம் துணி தைப்பது உண்டா, அதனால் பொய் சொல்கிறீர்கள் என்கிறேன் என்று மாற்றி மாற்றிக் கேட்டார். ரமேஷும் அவன் அம்மாவும்கூடத் தன்னிடம்தான் துணி தைக்கிறார்கள் என்று ஜெயமேரி சொன்னார். ஒரு கேள்விக்கு, எனக்கு நினைவில்லை என்றார். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொன்னதுதான் அவருடைய சாட்சியத்துக்குப் பலம் என்று பிறகு தீர்ப்பில் எழுதியிருந்தது.

வெளியே வந்ததும் பெண் காவலர் டீ வாங்கிக் கொடுத்தார். ஜெயமேரி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், ரொம்ப நேரம் மரத்தடியில் நின்றிருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"சொல்லி முடிச்சா பயம் போயிடும்னு நெனச்சேன், போவலங்க. ஆனா இப்ப அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன்."

அறிக்கை

குழுவின் அறிக்கை சபையில் வைக்கப்பட்டது. தடிமனான புத்தகம். நான் ஒரே மூச்சில் புரட்டினேன். ஆடு இல்லை. ஊசி இல்லை. தகவல்கள் மக்களுக்குப் புரியும் மொழியில் போக வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. பெண் சாட்சிகளுக்குப் பெண் காவலர் என்று ஒரு வரி. இன்னும் தள்ளி, 'நீதிமன்றத்துக்கு வந்து செல்லும் சாட்சிகளின் போக்குவரத்துக்கு உரிய ஏற்பாடுகளை அரசு பரிசீலிக்க வேண்டும்' என்று இன்னொன்று. அதற்கு அரசிடமிருந்து பிற்பாடு வந்த பதில், பரிந்துரை குறித்துக்கொள்ளப்பட்டது என்பது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஏலாக்குறிச்சிக்குப் போனேன். போக்குவரத்து பற்றிய அந்த வரியைத் தமிழில் சொன்னேன். ஜெயமேரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். இதில் என் பேர் எங்கே இருக்கிறது என்றார். பேர் போட மாட்டார்கள், 'சாட்சிகளின்' என்று இருக்கிறதே, அதுதான் நீங்கள் என்றேன். அப்படியென்றால் வேறு ஊர்களிலும் இதே மாதிரி பஸ்ஸில் போகிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். எல்லா மாநிலத்திலும் இருக்கிறார்களாம் என்றேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அப்ப பேரு இல்லாட்டி பரவால்ல. தனியா நான் மட்டும்தான்னு நெனச்சுகிட்டு இருந்தேன்."

வேறு கோர்ட்

தீர்ப்பு நாளில் கலைச்செல்விக்கு முன்கூட்டியே போன் வந்துவிட்டது. மாமியாரோடு வந்து உட்கார்ந்திருந்தார். ரமேஷ் குற்றவாளி என்று நீதிபதி சொன்னார். செல்லம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார், சத்தம் வரவில்லை. தண்டனையைச் சொல்வதற்கு முன் ரமேஷிடம் கேட்பது வழக்கம். கேட்டார்கள். வயசான அம்மா இருக்கிறார் என்றான். பிறகு நீதிபதி, கலைச்செல்வியைப் பார்த்து, அடிபட்டது நீங்கள், உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். இப்படிக் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

கலைச்செல்வி எழுந்தார். மடங்காத விரல்களை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களையோ, கணவரிடம் போனில் அழுததையோ சொல்வார் என்று நினைத்தேன். அவர் அதையெல்லாம் சொல்லவில்லை. தன் வயலுக்குப் போக ரமேஷ் வீட்டு வயல் ஓரமாக ஒரு வழிதான் உண்டு, அன்றைக்கு அந்த வழியில் தான் நடந்து போனதற்குத்தான் ரமேஷ் அடித்தான், அதற்குப் பிறகு பயந்துகொண்டு அந்தப் பக்கமே போகவில்லை, நிலம் தரிசாகக் கிடக்கிறது என்று சொன்னார். "நாளையிலேருந்து நான் அதுல நடந்து போவலாமாங்கய்யா?" என்று கேட்டார்.

 அரசு வக்கீல் தரையைப் பார்த்தார். ரமேஷும்கூடக் கலைச்செல்வியைத் திரும்பிப் பார்த்தான். நீதிபதி பேனாவை மூடி, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கேட்டதற்குப் பதில் இருந்தால் கொடுத்திருப்பார் என்று அந்த முகத்தைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது.

"அதுக்கு நீங்க சிவில் கோர்ட்டுக்குப் போவணும்மா."

கேள்வி கேட்பதையே உத்தியோகமாக வைத்திருக்கும் என்னிடம் இதுவரை சேர்ந்திருப்பது பெரும்பாலும் நான் கேட்கப் போனவர்கள் என்னைத் திருப்பிக் கேட்ட கேள்விகள்தான்; அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எந்தக் குழுவிடம் போவது என்றும் எனக்குத் தெரியவில்லை.